‘உடனிருப்பவர்’ கட்டத்தில் இருக்க வேண்டிய பெயர்

அனுப்புநர்
நேரக் காப்பாளர் (முதல் ஷிஃப்ட்),
நகரப் பேருந்துப் பணிமனை, வடக்கு வாயில்.
(வலிப்பு நோய்ப் பிரிவு, கோப்பு எண் 418-இல் கண்ட நோயாளியின் மனைவி)

பெறுநர்
ஒருங்கிணைப்பு அலுவலர் அவர்கள்,
பன்னாட்டு வலிப்பு நோய் வல்லுநர் பரிமாற்றத் திட்டம்,
பொது மருத்துவமனை, இரண்டாம் தளம், அறை எண் 9.

பொருள்: ஐந்து நாள் மூளை அலைத் தொடர்பதிவு அறையில் நோயாளியுடன் தங்குபவர் பெயரை மாற்றவும், கோப்பில் விடுபட்டுப்போன தகவல் ஒன்றைச் சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இம்மாதம் 6ஆம் தேதி நிரப்பப்பட்ட படிவம்.
2. 9ஆம் தேதி கருத்தரங்கக் கூடத்தில் நடந்த கூட்டம்.
3. என் நோட்டுப் புத்தகங்கள் ஆறு (தங்கள் திட்டத்தில் இதுவரை எவரும் முழுமையாகப் பார்வையிடாதவை).

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அறை வாசலில் மூன்று நாள் நின்றும் தங்களைக் காணும் வாய்ப்புக் கிட்டாததால், நேரில் நான்கு வாக்கியங்களில் சொல்லியிருக்கக்கூடியதை இவ்வளவு நீளமாக எழுதும்படி ஆகிவிட்டது. பொறுமையுடன் கடைசிப் பத்திவரை வாசிக்க வேண்டுகிறேன். முக்கியமான விஷயம் பின்பாதியில்தான் இருக்கிறது.

1. என் கணவருக்குப் பதினோரு ஆண்டுகளாக வலிப்பு நோய் உள்ளது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தீட்டும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். இயந்திரத்தின் முன் இரண்டு முறை விழுந்தபின் லென்ஸ் துடைத்து உறையில் போடும் மேசைக்கு மாற்றப்பட்டார். மூன்று மாதம் முன்பு அந்த மேசையிலும் விழுந்து நெற்றியில் ஐந்து தையல் போட்டதிலிருந்து விடுப்பில் இருக்கிறார். மாத்திரை நான்கு வகை மாற்றியும் வாரத்துக்கு ஒரு முறையாவது வருகிறது. இனி அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி, அதுவும் நோய் மூளையில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று உறுதியானால்தான் என்பது மருத்துவர்களின் கருத்து.

2. அவருக்கு வந்த ஒவ்வொரு வலிப்பையும் நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்தக் கை முதலில் விறைத்தது, நாக்கைக் கடித்தாரா, அன்று மாத்திரை தவறியதா என்று ஆறு கட்டங்கள். பணிமனையில் ஒரு நாளைக்கு முந்நூறு பேருந்துகளின் வருகையையும் புறப்பாட்டையும் நிமிடம் பிசகாமல் எழுதும் கை இது. சொந்த வீட்டில் தவறு செய்யாது என்று பெருமையாக நினைத்திருந்தேன்.

3. இந்த நோட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஒரே மனிதர் இப்பிரிவின் தலைமை மருத்துவர். ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு முறையும் நோட்டை வாங்கிப் பார்த்து, “இந்த அம்மா எழுதுற மாதிரி எழுதுனா எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்று பயிற்சி மருத்துவர்கள் முன்னால் சொன்னவர். பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மருத்துவமனையிலிருந்து ஒரு நிபுணர் இங்கே வந்தால் இங்கிருந்து ஒருவர் அங்கே போகவேண்டும் என்பது விதியாம். அதன்படி எங்கள் மருத்துவரைத் தாங்கள் ஆறு வாரத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். என் நோட்டைப் பற்றி நாலு வார்த்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர் இல்லாத வாரம் பார்த்து நிபுணர் வந்து சேர்ந்தார். எங்கள் மருத்துவர் இப்போது அந்த ஊரில் எந்தப் பெண்மணியின் நோட்டை வாங்கிப் பாராட்டிக்கொண்டிருக்கிறாரோ தெரியவில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. தகவலுக்காக.

4. இனி பார்வை ஒன்றில் கண்ட படிவம் குறித்து. வருகைதரு நிபுணர் என் கணவரைப் பரிசோதிக்கும் நாள் 7ஆம் தேதி என்று அறிவித்திருந்தார்கள். நானும் அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். திடீரென்று 6ஆம் தேதிக்கு மாற்றிய செய்தி, என் கைப்பேசிக்கு வராமல் என் நாத்தனாரின் கைப்பேசிக்குப் போயிருக்கிறது. நாத்தனார் என்பவர் என் கணவரின் தங்கை. வயது முப்பத்தெட்டு. வீட்டில் இன்றும் பெயர் ‘பாப்பா’. அடுத்த தெருவில் குடியிருக்கிறார். கைப்பேசிக் கடையில் வேலை. எந்தப் படிவத்தில் தொலைபேசி எண் கேட்டாலும் மற்றவர் பேனாவைத் திறப்பதற்குள் தன் எண்ணை எழுதிவிடும் வழக்கம் உடையவர்.

5. 6ஆம் தேதி காலை நான் ஷிஃப்டில் இருந்தபோது அவர் அழைத்தார். “அண்ணி, நீங்க ஒண்ணும் அலைய வேணாம். அண்ணன நானே கூட்டிட்டு வந்துட்டேன். எல்லா ஃபாரமும் ஃபில் பண்ணியாச்சு” என்றார். நன்றி சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாதபடி நல்லது செய்வதில் அவர் கைதேர்ந்தவர். அந்த ‘எல்லா ஃபார’த்தில் ஒன்றில்தான் ‘உடனிருப்பவர்’ என்ற கட்டம் இருந்தது. அதில் அவர் பெயர் இருக்கிறது. ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘தங்கை’ என்று பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறார். அடிக்கோடு இடும்படி படிவத்தில் எந்த அறிவுறுத்தலும் இல்லை.

6. மறுநாள் நான் வார்டுக்கு வந்து, மனைவி இருக்கும்போது தங்கை பெயர் எப்படி என்று செவிலியரிடம் விசாரித்தேன். “ஒருத்தர் பேருதாம்மா போட முடியும். கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. யாரா இருந்தா என்னம்மா, வீட்டு ஆளுதானே” என்றார். அந்தச் செவிலியர் மேல் புகார் எதுவும் இல்லை. திருமணம் ஆகாதவர், அவருக்குத் தெரிய நியாயமில்லை.

7. பார்வை இரண்டில் கண்ட கூட்டத்துக்கு வருகிறேன். 9ஆம் தேதி கருத்தரங்கக் கூடத்தில் நாற்பது மருத்துவர்கள் அமர்ந்திருந்தார்கள். முன்வரிசையில் என் கணவர். அவர் பக்கத்தில், படிவத்தின்படி, நாத்தனார். எனக்குக் கடைசி வரிசையில், நீர்க்குடுவை மேசைக்குப் பக்கத்தில் இடம் தந்தார்கள். நிபுணர் அம்மையார் என் நோட்டில் முதல் பக்கத்தைப் பார்த்தார். பத்துப் பக்கம் தள்ளி ஒரு பக்கத்தைப் பார்த்தார். பிறகு தன் மொழியில் ஏதோ சொன்னார். மொழிபெயர்க்க நின்ற இளம் பெண் மருத்துவர், “கையெழுத்து ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க” என்றார். பதினோரு ஆண்டு உழைப்புக்கு நான் பெற்ற மதிப்புரை இது.

8. அடுத்து, என் கணவருக்கு வலிப்பு வந்தபோது நாத்தனார் எடுத்த வீடியோவைச் சுவரில் காட்டினார்கள். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. அதை நிபுணர் நான்கு முறை ஓட்டச் சொன்னார். நிறுத்தினார், பின்னால் போனார், எழுந்து சுவரருகே சென்று விரலால் சுட்டிக் காட்டினார். முடிவில் நாத்தனாரின் தோளைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னார். மொழிபெயர்ப்பு: “இந்தக் குடும்பத்துல உண்மையிலேயே கவனிச்சுப் பார்த்தவங்க நீங்கதான்.” நாற்பது மருத்துவர்களும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் திரும்பிப் பார்ப்பார்கள். முத்திரை வைத்த பாராட்டுக் கடிதம் ஒன்றும் தந்தார்கள். அது மறுநாளே கண்ணாடி போட்டு, நாத்தனார் வீட்டில் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டுவிட்டது.

9. ஐயா, இம்மனுவின் முதல் படியை நேற்று எழுதினேன். எட்டாம் பத்தியுடன் முடித்து, ‘ஆவன செய்யவும்’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டேன். இன்று காலை வடக்கு வாயிலில் உட்கார்ந்து அதைத் திரும்பப் படித்தபோது, மூன்று பக்கமும் வெறும் வயிற்றெரிச்சலாக இருந்தது. வயிற்றெரிச்சல் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிவிட்டு, என் கணவரின் சிகிச்சைக்கு வேண்டிய விஷயத்தை எழுதாமல் விட்டால் அது குற்றம் ஆகும். எனவே இரண்டாம் படியில் கீழ்க்காணும் பத்திகளைச் சேர்க்கிறேன்.

10. அந்த வீடியோவில் இருப்பது இது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பது. எனக்கு இரட்டை ஷிஃப்ட். கடைக்கு வந்த புதுக் கைப்பேசியின் கேமராவைச் சோதிப்பதற்காக நாத்தனார் அதைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்து, தன் அண்ணன் பத்திரிகை படிப்பதை எடுத்துக்கொண்டிருக்கிறார். வாசல் மணி அடிக்கிறது. அவர் எழுந்து போகிறார். அறையில் என் கணவர் மட்டும். பத்திரிகை மடியில் நழுவுகிறது. வலது கை, நாற்காலி முதுகில் போட்டிருந்த துண்டைப் பற்றுகிறது. கட்டைவிரல் துண்டின் ஓரத்தை மெதுவாகத் தேய்க்கிறது. பின்பு அந்தத் துண்டைப் பார்த்து, தெளிவாக, “எங்கயும் போயிடாத” என்கிறார். ஏழெட்டு வினாடி கழித்து இடது கை விறைக்கிறது. அதற்குள் நாத்தனார் ஓடி வந்துவிடுகிறார்.

11. நிபுணர் விளக்கியதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். நாங்கள் வலிப்பின் தொடக்கம் என்று நினைத்த கை விறைப்பு தொடக்கம் அல்ல. கட்டைவிரல் தேய்ப்பதும் அந்த வார்த்தையுமே தொடக்கம். அந்த நேரத்தில் பேச்சு குழறாமல் தெளிவாக வருவதால், மூளையில் பேச்சுக்குரிய பக்கத்தில் நோய் தொடங்கவில்லை, மறுபக்கத்தில்தான் தொடங்குகிறது என்று கருத இடமுண்டு. அந்தப் பக்கம் என்றால் பேச்சுக்கு அதிகப் பயம் இல்லாமல் அறுவைச் சிகிச்சை செய்யலாம். ஆனால் இது வழக்கமாக வருவதா, ஒருமுறை தற்செயலாக வந்ததா என்று தெரிய வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் நாத்தனாரிடம், இந்த வார்த்தையை இதற்கு முன் வீட்டில் யாராவது கேட்டதுண்டா என்று கேட்டார். “இல்ல டாக்டர், இதான் முதல் தடவை” என்றார் நாத்தனார். அது பொய்யல்ல. அவருக்கு அதுதான் முதல் தடவை.

12. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒருத்தி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

13. அந்த வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். ஒருமுறை இருமுறை அல்ல. நான் வீட்டில் இருந்து கண்ணால் கண்ட வலிப்புகள் இருநூற்றுப் பதின்மூன்று. அவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் முதலில் அந்தக் கட்டைவிரல், பிறகு அந்த வார்த்தை. என் இடது மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டியிருப்பேன். அவர் அதன் தோல் பட்டையைப் பிடித்துத் தேய்ப்பார். “எங்கயும் போயிடாத” என்பார். நான் “போகல” என்பேன். அதன்பின் அவரைப் பக்கவாட்டில் படுக்க வைத்து நேரத்தைப் பார்ப்பேன். நோட்டில் ‘தொடங்கிய நேரம்’ என்று எழுதியிருப்பதெல்லாம் அதற்குப் பிந்திய நேரம்.

14. ஏன் எழுதவில்லை என்று தாங்கள் கேட்கலாம். பணிமனையில் எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. பேருந்து வாயில் கோட்டைத் தாண்டும் நொடியைத்தான் புறப்பாடு என்று எழுதுவோம். அதற்கு முன் ஓட்டுநர் இஞ்சினை இயக்கி, நடத்துநருக்காகக் காத்திருந்து, வண்டி உறுமிக்கொண்டு நிற்கும் நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. அதே பழக்கத்தில் வீட்டிலும் கை விறைத்ததைத்தான் புறப்பாடு என்று எழுதினேன். இது ஒரு காரணம். எழுத்தில் தரக்கூடிய காரணம்.

15. இன்னொரு காரணமும் உண்டு. அந்த வார்த்தைக்குப் பின்னால் வலிப்பு வரும் என்பது எனக்கு மூன்றாம் ஆண்டிலேயே தெரியும். தெரியாது என்று சொன்னால் அது பொய். ஆனால் நான் நினைத்துக்கொண்டது வேறு. தனக்கு வரப்போகிறது என்று அவருக்கு உள்ளுக்குள் தெரிகிறது, பயப்படுகிறார், பயத்தில் என்னைத் தேடுகிறார் என்று நினைத்தேன். என் கணவர் சாதாரண நேரத்தில் அப்படியெல்லாம் பேசுகிற ஆள் இல்லை. ‘சாப்பாடு ஆச்சா’, ‘கதவப் பூட்டியாச்சா’ என்பதற்கு மேல் போகமாட்டார். வாரத்துக்கு ஒருமுறை, தரையில் விழுவதற்கு முன்னால், அந்த ஒரு வார்த்தை எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. கணவன் மனைவிக்கு இடையில் சொல்லிக்கொள்வதை ஆஸ்பத்திரி நோட்டில் எழுதுவார்களா என்று விட்டுவிட்டேன். நாத்தனாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் குறிப்பாகச் சொல்லவில்லை.

16. அந்த ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணன் என்கிட்ட ‘எங்கயும் போயிடாத’ன்னு சொன்னாரு அண்ணி” என்றார். வாசலில் நின்று பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்ததாம். பதினோரு ஆண்டாக எனக்கென்று இருந்த ஒன்றை, வாரத்துக்கு ஒருநாள் வந்து போகிறவர் ஒரே மத்தியானத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இருந்தது. மூன்று வாரம் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கொண்டுவந்த பலகாரத்தை அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே 6ஆம் தேதி என்னைக் கேட்காமலே அவர் படிவத்தை நிரப்பியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

17. கருத்தரங்கக் கூடத்தில்தான் நாங்கள் இருவரும் அந்த வீடியோவைப் பெரிதாகப் பார்த்தோம். அவர் அண்ணன் அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டைப் பார்த்துச் சொன்னார். ஐயா, அந்தக் கணத்தில் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். நாத்தனாருக்கு இல்லை என்ற சந்தோஷம். அது இரண்டு வினாடி இருந்திருக்கும். மூன்றாவது வினாடியில், அவருக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை என்று உறைத்தது. நாங்கள் துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த ஒரு பழைய துண்டின் மேல் நான் பொறாமைப்பட்டுக்கொண்டு, நாற்பது மருத்துவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

18. நிபுணர் கேள்வி கேட்டது அப்போதுதான். நான் எழுந்து, “நான் கேட்டிருக்கேன், இருநூறு தடவைக்கு மேல கேட்டிருக்கேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்த இருநூறும் என் கையாலேயே நோயின் கணக்கில் ஏறியிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை. எனவே 418ஆம் எண் கோப்பில் இப்போது ‘பேச்சு அறிகுறி: ஒருமுறை மட்டும், முன்பு நிகழ்ந்ததாகத் தகவல் இல்லை’ என்று இருக்கிறது. அது தவறு. அந்தத் தவறு நாத்தனாருடையதும் அல்ல, நிபுணருடையதும் அல்ல, அலுவலகத்துடையதும் அல்ல.

19. கூட்டம் முடிந்து நடைபாதையில் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்னைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன் அண்ணி” என்றார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் அந்தப் பாராட்டுக் கடிதம். அவர் இழந்தது ஒரு தடவை, நான் இழந்தது இருநூற்றுப் பதின்மூன்று, இதிலாவது நான் அவரைவிட ஒரு படி மேல் என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. “சரி வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன். அதைத் தவிர வேறு ஆறுதல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

20. மொழிபெயர்த்த மருத்துவரைத் தனியாகப் பிடித்து ஒன்று கேட்டேன். இப்படி வருகிற எல்லா நோயாளிகளும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்களா என்று. “இல்லம்மா, ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு. மூணாம் நம்பர் பெட்ல இருக்கறவர் ‘சாவி எங்க, சாவி எங்க’ம்பார்” என்றார். அப்படியானால் ஆயிரம் வார்த்தைகள் இருக்க என் வீட்டுக்காரருக்கு இந்த வார்த்தை ஏன் வந்தது என்று கேட்டேன். அது ஸ்கேனில் தெரியாது என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்துவிட்டது.

21. என் கணவருக்கு இதில் எதுவும் நினைவில் இராது. ஆனாலும் மனம் கேட்காமல் மறுநாள் காலை, “என்னப் பாத்து எப்பவாவது எங்கயும் போயிடாதன்னு சொல்லியிருக்கீங்களா?” என்று கேட்டேன். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கி, “நீ எங்க போகப்போற? டூட்டிக்குத்தானே?” என்றார். நல்ல நினைவுடன் இருக்கும்போது அவர் சொன்னது இது. இதைக் கோப்பில் சேர்க்க வேண்டியதில்லை.

22. மேற்கண்ட காரணங்களால் தங்களிடம் நான் கோருவன:

(அ) கோப்பில் ‘முன்பு நிகழ்ந்ததாகத் தகவல் இல்லை’ என்பதை அடித்துவிட்டு, ‘பதினோரு ஆண்டுகளாக, ஏறக்குறைய ஒவ்வொரு முறையும், நேரில் கண்டவர் மனைவி’ என்று எழுத வேண்டும். நிபுணர் 24ஆம் தேதி ஊர் திரும்புகிறார். யாருக்கு அறுவைச் சிகிச்சை என்ற பட்டியலை அதற்குள் முடிவு செய்வார் என்று அறிகிறேன். நான் வாயைத் திறக்காத ஒரே காரணத்தால் என் கணவர் பெயர் அந்தப் பட்டியலிலிருந்து விட்டுப்போகக் கூடாது. வாய்ச்சொல் போதாது என்றால், தேய்ந்த கடிகாரப் பட்டைகள் மூன்றை இணைத்திருக்கிறேன். மூன்றும் வெவ்வேறு ஆண்டுகளில் மாற்றியவை. மூன்றும் ஒரே இடத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குத் தேய்ந்திருப்பதைக் காணலாம்.

(ஆ) 16ஆம் தேதி தொடங்கும் ஐந்து நாள் தொடர்பதிவில் உடனிருப்பவராக என் பெயரை இட வேண்டும். தலை நிறைய ஒயர்களை ஒட்டி, சுவரில் கேமரா வைத்து, முதல் அறிகுறி தெரிந்ததும் உடனிருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்து நாளில் ஒரே ஒருமுறைதான் வரக்கூடும். அப்போது கைவிறைப்பு வரைக்கும் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். நாத்தனார் நேரில் அறிந்தது அந்த வார்த்தை ஒன்றைத்தான். வார்த்தைக்கு முன்னால் கட்டைவிரல், கட்டைவிரலுக்கு முன்னால் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் பாதியில் நின்றுபோவது, இதெல்லாம் எனக்குத்தான் தெரியும்.

(இ) முடியுமானால் அந்தக் கணினியில் இரண்டாவது கட்டம் ஒன்றை உருவாக்கி, நாத்தனார் பெயரை அதில் இடலாம். பகலில் ஒரு மணி நேரம் நான் குளித்துவிட்டு வரும்வரை அவர் இருக்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

23. இவள் பொத்தானை அழுத்துவாளா, வழக்கம்போல் வார்த்தை முழுதாக வரட்டும் என்று காத்திருப்பாளா என்ற ஐயம் தங்களுக்கு எழுவது நியாயமே. எனக்கும் எழுந்தது. மூன்று நாளாக வடக்கு வாயிலில், ஓட்டுநர் சாவியைத் திருப்பி இஞ்சின் முதல் சத்தம் போட்ட உடனே பேனாவின் தலையை அழுத்திப் பழகிவருகிறேன். முதல் நாள் பாதி தவறியது. இன்று நாற்பது வண்டிகளில் முப்பத்தெட்டு சரி.

24. அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் வலிப்பு நின்றுவிடும் என்றார்கள். வலிப்பு நின்றால் அதன் முதல் அறிகுறியும் நிற்கும் என்பதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. அதன்பின் என் வீட்டில் யாரும் யாரையும் பார்த்து அப்படிச் சொல்லப்போவதில்லை. அதற்கும் முழுச் சம்மதத்துடனேதான் இம்மனுவை எழுதுகிறேன். அவர் திரும்ப லென்ஸ் தீட்டும் இயந்திரத்தின் முன் உட்கார வேண்டும்.

25. கடைசியாக, ஒரு சிறு ஐயத்துக்கு மட்டும் எழுத்து மூலம் பதில் வேண்டும். உடனிருப்போருக்கான அறிவுரைத் தாளில் ஆறாவது வரி, பதிவின்போது தேவையற்ற பேச்சைத் தவிர்க்கவும் என்று கூறுகிறது. வலது கையால் நான் பொத்தானை அழுத்திவிடுவேன். இடது கையில் கடிகாரம் இருக்கும். அவர் “எங்கயும் போயிடாத” என்று சொல்லி முடித்ததும், “போகல” என்று ஒரே ஒரு சொல் நான் சொல்லிக்கொள்ள அனுமதி உண்டா? அது பதிவைக் கெடுக்கும் என்றால், அதன் நேரத்தை நொடி பிசகாமல் நானே குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
418ஆம் எண் கோப்பில் கண்டவரின் மனைவி
(ஒப்பம்)

நாள்: இம்மாதம் 12, மாலை 4.10
இடம்: பணிமனை, வடக்கு வாயில், நேரக் காப்பாளர் அறை

இணைப்பு:
1. நோட்டுப் புத்தகங்கள் – 6
2. கடிகாரப் பட்டைகள் – 3 (பணி முடிந்ததும் திருப்பித் தரவும்)
3. பெயர் மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என நோயாளியின் தங்கை தந்த கடிதம் – 1 (நான் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்திருந்தார். ‘அண்ணி’ என்ற சொல்லுக்கு அடிக்கோடு அவர் இட்டது.)